‘இனி சாவே இல்லை’ என்று தலைப்பு வைக்கும் முன்: தமிழில் அறிவியல் வீடியோ செய்யும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வகுப்பில் புரியாத பாடத்தை உங்கள் வீடியோவில் பார்த்துப் புரிந்துகொண்டு வருகிற பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கருந்துளையையும் மரபணுவையும் வீட்டுத் திண்ணைப் பேச்சுக்குக் கொண்டுவந்தவர்கள் நீங்கள். அந்த நன்றியோடுதான் இந்த மடலை எழுதுகிறோம்.

எங்களை எழுத வைத்தது ஒரே ஒரு பொருள்: மனிதன் என்றென்றும் வாழ முடியுமா என்பது. செல்லை இளமையாக்குவது, உடலை உறைய வைப்பது, மூளையைக் கணினியில் ஏற்றுவது, இணைப் பிரபஞ்சத்தில் சாகாமல் தொடர்வது என்று நான்கு வேறு வேறு சங்கதிகளை ஒரே பத்து நிமிடத்தில் அடுக்கி, ‘சாவை வென்றது அறிவியல்’ என்று தம்ப்நெயில் வைக்கிற பழக்கம் பரவிவிட்டது. இந்தத் தலைப்பைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் பொழுதுபோக்குக்கு வருவதில்லை. அம்மாவைப் பறிகொடுத்தவர் வருவார். கீமோ வார்டில் காத்திருக்கிறவர் வருவார். உயிர் வாழ்வதா வேண்டாமா என்ற யோசனையில் இருக்கிற பதினேழு வயதுப் பிள்ளையும் வரும். அவர்களுக்காகவாவது, எந்த முயற்சி எந்தப் படியில் நிற்கிறது, எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கிறோம்.

முதலில் ஒரு கணக்குப் பிழை. ‘சுதந்திரம் வாங்கியபோது இந்தியரின் ஆயுள் 32, இன்று 70, இதே வேகத்தில் போனால் 150’ என்று ஒரு கோடு போட்டுக் காட்டுகிறீர்கள். அன்றைய 32 என்பது சராசரி. அன்றும் எழுபது எண்பது வயது வாழ்ந்த தாத்தா பாட்டிகள் இருந்தார்கள். பிறந்த பிள்ளைகளில் பல ஐந்து வயதைத் தாண்டாததால் சராசரி கீழே கிடந்தது. தடுப்பூசி, குடிநீர், உப்பு சர்க்கரைக் கரைசல், பிரசவ வார்டு ஆகியவை அந்தச் சாவுகளைத் தடுத்தன, சராசரி ஏறியது. அதிகபட்ச ஆயுளின் கதை வேறு. பிரான்சின் ஆர்ல் நகரத்து ஜான் கால்மான் 122 ஆண்டும் 164 நாளும் வாழ்ந்து 1997-இல் இறந்தார். அதன்பின் இத்தனை ஆண்டுகளில் அந்த வயதை யாரும் தொடவில்லை.

இதற்குக் காரணம் 1825-லேயே பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் கண்ட விதியில் இருக்கிறது. முப்பது வயதுக்குப் பிறகு, ஒரு மனிதர் அந்த ஆண்டில் இறப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. 30-இலிருந்து 94 வரை எட்டு முறை இரட்டித்தால் 256 மடங்கு. ஒரு நோயை முழுக்க ஒழித்தாலும், அந்த வயதில் பக்கத்தில் வரிசையில் நிற்கிற அடுத்த நோய் வந்துவிடும். புற்றுநோய் முழுவதையும் ஒழித்தாலும் சராசரி ஆயுளில் சில ஆண்டுகள்தான் கூடும் என்று கணக்குப் போடுகிறவர்கள் சொல்வது இதனால்தான். முதுமை ஆய்வு முக்கியமாவதும் இதனால்தான். அது நோய்களை ஒவ்வொன்றாகத் துரத்தாமல், அந்த இரட்டிப்பையே மந்தப்படுத்தப் பார்க்கிறது.

சரி, இரட்டிப்பு முழுவதுமாக நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எல்லோரும் என்றும் பதினாறு. ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் மட்டும் விபத்திலோ தொற்றிலோ இறக்கிறார் என்று கொண்டால், 693 ஆண்டில் பாதிப்பேர் போய்விடுவார்கள். 5,000 ஆண்டில் ஆயிரம் பேரில் ஏழு பேர் மிஞ்சுவார்கள். 10,000 ஆண்டில் ஒரு லட்சத்துக்கு நான்கைந்து பேர். இந்தக் கணக்கை வீடியோவில் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். முதுமை இல்லாமை ஒன்று, சாவு இல்லாமை வேறு என்பது பிள்ளைகளுக்கு மூன்று வரியில் விளங்கிவிடும்.

‘ஹைட்ராவுக்குச் சாவில்லை’ என்பதும் இப்படித்தான். நன்னீரில் வாழும் சின்னஞ்சிறு உயிரி ஹைட்ரா. அதன் உடலில் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) ஓயாமல் பிரிந்து, சில வாரங்களுக்குள் உடல் முழுவதையும் புதுப்பித்துவிடுகின்றன. 2015-இல் வெளியான ஆய்வில் 2,256 ஹைட்ராக்களைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். வயது ஏறியும் இறப்பு விகிதம் ஏறவில்லை. ஆனால் இறந்தவை உண்டு. கிண்ணத்தின் மூடியில் ஒட்டிக்கொண்டு காய்ந்து செத்தவையும் தரையில் விழுந்து செத்தவையும் அதில் அடக்கம். முதுமையே வராத உயிரைக்கூட ஒரு மூடி கொன்றுவிடுகிறது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: ஹைட்ராவுக்கு மூளை கிடையாது. உடலின் ஒவ்வொரு செல்லையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வைப்பதில் அதற்கு இழப்பு ஒன்றுமில்லை. நம் மூளையின் நரம்பணுக்களில் பெரும்பாலானவை பிறவியில் வந்தவை, நம் நினைவு அவற்றின் இணைப்புகளில்தான் தங்கியிருக்கிறது. அவற்றை மாற்றினால் உடல் பிழைக்கும், ஆள் பிழைப்பாரா?

டீலோமியர் பற்றி நீங்கள் சொல்வதில் பாதிதான் வருகிறது. செல் பிரியும்போதெல்லாம் குரோமோசோமின் நுனி தேய்கிறது, அதை நீட்டும் நொதி டீலோமரேஸ், அதைக் கண்டதற்கு 2009-இல் நோபல் பரிசு. இவ்வளவும் சரி. ஆய்வக எலியின் டீலோமியர் நம்முடையதைவிடப் பல மடங்கு நீளம், அது வாழ்வது இரண்டு மூன்று ஆண்டுதான் என்பது வீடியோவில் வருவதில்லை. புற்றுநோய்க் கட்டிகளில் பத்துக்கு எட்டு ஒன்பது இந்த நொதியை முடுக்கிவிட்டுத்தான் அழியாமல் பெருகுகின்றன என்பதும் வருவதில்லை. ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து 1951-இல் எடுத்த செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பிரிந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பெண் அதே ஆண்டு அக்டோபரில், 31 வயதில் இறந்தார். செல் சாகாமல் இருப்பதுதான் அவரைக் கொன்றது.

யமனாக்கா காரணிகளைப் பற்றிப் பேசும்போதும் அளவைச் சொல்லுங்கள். நான்கு மரபணுக்களை முடுக்கினால் முதிர்ந்த செல் கரு நிலைக்குத் திரும்புகிறது என்று ஷின்யா யமனாக்கா 2006-இல் எலிச் செல்லில் காட்டினார். உயிருள்ள எலியில் அவற்றைத் தொடர்ந்து முடுக்கி வைத்தால் என்ன ஆகும்? ஈரல் செல் தான் ஈரல் என்பதை மறந்துவிடும், டெரட்டோமா என்ற கட்டி கிளம்பும், எலி சில நாளில் செத்துப்போகும். அதனால்தான் 2016-இல் சால்க் நிறுவனத்தில் இஸ்பிசுவா பெல்மாண்டே குழு, வாரத்துக்கு இரண்டு நாள் முடுக்கி ஐந்து நாள் அணைத்து வைத்தது. விரைமுதுமை நோயுள்ள எலிகள் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாக வாழ்ந்தன. ‘எலியை இளமையாக்கினார்கள்’ என்று நீங்கள் சொன்னது அந்த எலியைத்தான். நோயுள்ள எலி, மரபணு மாற்றிய எலி, வாரம் இரண்டு நாள் என்ற மூன்று சொற்றொடர்களும் விட்டுப்போனால் கேட்பவருக்குக் கிடைப்பது வேறு செய்தி.

எலிகளில் உண்மையிலேயே திடமான முடிவு ராபமைசினுடையது. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த நுண்ணுயிரி தந்த மருந்து அது. அமெரிக்காவில் மூன்று ஆய்வகங்கள் ஒரே சோதனையைத் தனித்தனியே நடத்தி 2009-இல் வெளியிட்டன. பெண் எலிகளுக்கு 14, ஆண் எலிகளுக்கு 9 விழுக்காடு ஆயுள் நீண்டது. இதில் அழகான ஒரு தடங்கல் உண்டு. மருந்தைத் தீவனத்தில் கலந்தால் சிதைந்துபோனது. குடலில் கரையும் பூச்சுக்குள் அதை நுண்துகளாக அடைத்து, கிலோ தீவனத்துக்கு 14 மில்லிகிராம் என்று கலக்கும் பக்குவம் வருவதற்குள் எலிகளுக்கு 600 நாள் ஆகிவிட்டது. மனிதக் கணக்கில் அறுபது வயது. முதுமையில் தொடங்கினாலும் பலன் உண்டு என்பது அந்தத் தாமதத்தால் தெரியவந்தது. இதே ஆய்வு வரிசையில் திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ராலும் தேறவில்லை, சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் தனியாகவும் தேறவில்லை. அவற்றைப் புட்டியில் அடைத்து விற்கிறவர்களின் விளம்பரம் உங்கள் வீடியோ நடுவில் வருகிறதே, அதைக் கொஞ்சம் யோசியுங்கள். ராபமைசின் மனிதர்களுக்குச் சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் கொடுக்கிற மருந்து. எதிர்ப்புச் சக்தியை அடக்குவதே அதன் வேலை. வாய்ப்புண், ரத்தக் கொழுப்பு, சர்க்கரை ஏற்றம் எல்லாம் அதோடு வரும். மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்ள அது கடலை மிட்டாய் அல்ல.

இனி உடலை உறைய வைக்கும் கிரையோனிக்ஸ். உங்கள் வீடியோக்களில் அதிகம் பார்க்கப்படுவதும், அதிகம் தவறாகச் சொல்லப்படுவதும் இதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் நீல வெளிச்சத்தில் தூங்குகிற அழகான ஆளைக் காட்டுகிறீர்கள். அங்கே இருப்பது கண்ணாடிப் பெட்டி அல்ல. ஆள் உயரத்தைவிடப் பெரிய துருப்பிடிக்காத எஃகுக் குடுவை. இரட்டைச் சுவர், நடுவே வெற்றிடம், உள்ளே மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். நம் வீட்டு வெந்நீர் ஃபிளாஸ்க்கின் தத்துவம்தான். ‘கரண்ட் போனால் என்ன ஆகும்?’ என்று கமெண்டில் கேட்கிறார்கள். கரண்டே தேவையில்லை. நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், அதை ஊற்றி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு குடுவையில் நான்கு உடல்கள், தலைகீழாக. ஏன் தலைகீழாக? நிரப்புவது என்றைக்காவது தடைப்பட்டு நைட்ரஜன் மட்டம் இறங்கினால் முதலில் வெளியே தெரிவது கால்களாக இருக்கட்டும், தலை கடைசி வரை மூழ்கியிருக்கட்டும் என்று. இந்த ஒரு விவரம் போதும், இந்த ஏற்பாடு எதை நம்பி நிற்கிறது என்று காட்ட.

படிகளைச் சொல்கிறோம். சட்டப்படி மரணம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் தொடங்க முடியும், அதற்கு முன் தொட்டால் கொலை. எழுதிய நிமிடத்தில் உடலைப் பனிநீர்த் தொட்டியில் கிடத்துவார்கள். இயந்திரத்தால் மார்பை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக மீட்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் செலுத்துவார்கள். அடுத்து ரத்தத்தை வடித்து, மாற்று உறுப்புகளைக் காக்கப் பயன்படும் வகைக் கரைசலை ஓட்டி, அதன்பின் உறைகாப்புத் திரவத்தைச் செறிவு ஏற்றி ஏற்றி ரத்தக் குழாய் வழியே செலுத்துவார்கள். அதன்பின் நைட்ரஜன் ஆவியில் முதலில் வேகமாகவும் பிறகு நாள்கணக்கில் மெதுவாகவும் குளிர்விப்பார்கள்.

இந்தத் திரவம் எதற்கு என்று புரிய வைக்க நம் சமையலறையே போதும். சர்க்கரைக் கரைசலை நாள்கணக்கில் ஆறவிட்டால் கல்கண்டாகப் படிகம் கட்டும். அதையே பதமாகக் காய்ச்சிச் சட்டென்று ஆற்றினால் படிகம் கட்டாமல் கண்ணாடி போல இறுகும். நீர் படிகமானால் ஒன்பது விழுக்காடு விரிந்து செல்லைக் கிழிக்கும். உறைபெட்டியில் வைத்த தக்காளியை வெளியே எடுத்தால் தொளதொளவென்று ஆவது அதனால்தான். உறைகாப்புத் திரவம் உடம்பின் நீரைக் கல்கண்டாக விடாமல் பாகு போலக் கண்ணாடியாக்குகிறது.

இது பொய்யல்ல. நம் ஊர்க் கருத்தரிப்பு மையங்களில் அன்றாடம் நடக்கிற வேலை. 1992-இல் உறைய வைத்த கருக்களிலிருந்து 2022-இல் அமெரிக்காவில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஆனால் அந்தக் கரு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நொடிகளில் குளிரும், நொடிகளில் சூடேறும்.

உடல் முழுவதற்கும் போகும்போது ஒவ்வொரு படியிலும் உடைகிறது. இதயம் நின்று சில பத்து நிமிடம் தாமதித்தாலே மூளையின் நுண்குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும், திரவம் எல்லா இடத்துக்கும் போகாது. போகாத இடத்தில் பனிப்படிகம். போன இடத்தில் இன்னொரு சிக்கல், அந்தச் செறிவில் திரவமே செல்லுக்கு நஞ்சு. மைனஸ் 123 டிகிரி அளவில் திசு கண்ணாடியாக இறுகிய பிறகு இன்னும் 70 டிகிரி இறக்கும்போது, வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஒரே வேகத்தில் சுருங்காததால் விரிசல் விழும். சூடான கண்ணாடி டம்ளரில் குளிர்நீர் ஊற்றினால் கேட்கிற சத்தம் நினைவிருக்கும்.

எல்லாவற்றிலும் கடினம் மீட்கும்போது சூடேற்றுவது. மெதுவாகச் சூடேற்றினால் வழியிலேயே படிகம் கட்டிவிடும். ஆய்வகத்தில் பயன்படும் ஒரு கரைசலுக்குக் குளிர்விக்க நிமிடத்துக்கு 2.5 டிகிரி போதும், சூடேற்ற நிமிடத்துக்கு 50 டிகிரி வேண்டும். அதுவும் உள்ளும் புறமும் சமமாக. உறைந்த வஞ்சிர மீனை வெந்நீரில் போட்டால் தோல் வெந்துவிடும், நடுமுள் அருகே கல்லாக இருக்கும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை ரத்தக் குழாய்க்குள் நிரப்பி, காந்தப் புலத்தால் உள்ளிருந்தே சூடேற்றினார்கள். 100 நாள் வரை உறைந்திருந்த எலியின் சிறுநீரகத்தை இப்படி மீட்டு இன்னொரு எலிக்குப் பொருத்தி 2023-இல் வெளியிட்டார்கள். முதல் இரண்டு மூன்று வாரம் திணறி, பிறகு அது வேலை செய்தது. கொண்டாட வேண்டிய செய்தி. உறுப்பு தானத்துக்குக் காத்திருக்கிறவர்களின் பட்டியலை அது ஒருநாள் மாற்றலாம். எலியின் சிறுநீரகம் ஒரு கிராம் சுமார், மனித மூளை 1,400 கிராம் என்ற வரியையும் சேர்த்தே சொல்லுங்கள்.

‘முயலின் மூளையை முழுதாகப் பாதுகாத்துப் பரிசு வாங்கினார்கள்’ என்ற 2016-ஆம் ஆண்டுச் செய்தியையும் பயன்படுத்துகிறீர்கள். அங்கே முதலில் செலுத்தியது குளுட்டரால்டிஹைடு. மருத்துவமனையில் கருவிகளின் கிருமியை அழிக்க ஊறவைக்கிற திரவம் அது. இணைப்புகளின் வடிவம் அப்படியே நின்றது உண்மை. புரதங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிவிட்டதால் அந்த மூளைக்கு மறுபடி உயிர் கிடையாது. அது அச்சு எடுத்து வைத்த மாதிரி.

பணத்தையும் பேச வேண்டும். அரிசோனாவின் அல்கோர் நிறுவனத்தில் முழு உடலுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல். பெரும்பாலோர் ஆயுள் காப்பீட்டை எழுதிவைத்துக் கட்டுகிறார்கள். அங்கே இருநூறுக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். உலகில் முதலில் உறைய வைக்கப்பட்ட ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் 1967 ஜனவரி 12 முதல், பல கை மாறி, இன்றும் அங்கேயே. அவர் காலத்தவர்கள் அப்படி நிலைக்கவில்லை. கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த் இடுகாட்டு அறையில் வைத்திருந்த ஒன்பது உடல்கள், நைட்ரஜன் நிரப்பப் பணமில்லாமல் ஒவ்வொன்றாக உருகிப்போனது 1979-இல் வெளியே வந்து வழக்கானது. அங்கே தோற்றது உயிரியல் அல்ல, மாதாந்திரச் செலவு. இருநூறு ஆண்டு ஒரு நிறுவனம் ஒருநாள்கூடத் தவறாமல் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பது இந்தத் திட்டத்தின் பெரிய நிபந்தனை.

சென்னையிலோ மதுரையிலோ இருந்து ஒருவர் இதற்கு ஆசைப்பட்டால்? இறப்புச் சான்று, காவல்துறைத் தடையின்மைச் சான்று, பாஸ்போர்ட் ரத்து, விமான நிலையச் சுகாதார அனுமதி என்று காகிதங்கள் சேர வேண்டும். விமானத்தில் உடலை அனுப்ப எம்பாமிங் (உடல் அழுகாமல் ரசாயனம் ஏற்றுவது) சான்றும் கேட்பார்கள், எம்பாமிங் செய்தால் மேலே சொன்ன படிகளுக்கு அர்த்தமில்லை. அரிசோனா போய்ச் சேர ஒரு நாளுக்குக் குறையாது. நிமிடக் கணக்கில் நடக்க வேண்டிய வேலை இது. பார்க்கிறவர் யாராவது வீட்டை விற்க நினைப்பதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள். இதுவரை உறைநிலையிலிருந்து எழுந்த மனிதர் யாருமில்லை, முழு உடலாக இந்த வெப்பநிலையிலிருந்து மீண்ட பாலூட்டி ஒன்றுமில்லை என்பதை முதல் நிமிடத்திலேயே.

மூளையைக் கணினியில் ஏற்றுவது பற்றிச் சுருக்கமாக. ஹார்வர்டும் கூகுளும் சேர்ந்து மனித மூளையின் ஒரு கன மில்லிமீட்டர் அளவுத் துணுக்கை, 34 நானோமீட்டர் கனமுள்ள 5,000-க்கும் மேற்பட்ட சீவல்களாகச் சீவிப் படமெடுத்து 2024-இல் வெளியிட்டார்கள். சேர்ந்த தரவு 1.4 பெட்டாபைட், அதாவது 1,400 டெராபைட். முழு மூளை சுமார் 12 லட்சம் கன மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 20 டெராபைட் வன்தட்டு எட்டுக் கோடிக்கு மேல் வேண்டும். அது வெறும் படம், இயக்கம் இல்லை. 302 நரம்பணுவே உள்ள புழுவின் இணைப்பு வரைபடம் 1986-லேயே வந்துவிட்டது, அந்தப் புழுவைக் கணினியில் முழுதாக வாழவைக்க இன்னும் முடியவில்லை. சென்னை ஐஐடியின் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் மனிதக் கருவின் மூளையை 5,132 சீவல்களில் செல் அளவுக்கு வரைபடமாக்கி உலகுக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. நம் ஊரில் நடந்த இந்த வேலையைப் பற்றி ஒரு வீடியோ செய்யுங்களேன். சாவாமை இல்லாமலே அது அருமையான கதை.

கடைசியாக இணைப் பிரபஞ்சம். இதற்குத்தான் இந்த மடல் முக்கியமாக.

1957-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஹியூ எவரெட் என்ற இயற்பியலாளர் தன் ஆய்வேட்டில் சொன்னது இவ்வளவுதான்: குவாண்டம் சமன்பாட்டை அப்படியே நம்பினால், ஒரு நிகழ்வின் சாத்தியங்கள் எல்லாமே வெவ்வேறு கிளைகளாகத் தொடர்கின்றன. குவாண்டம் கோட்பாட்டுக்கான பல விளக்கங்களில் இது ஒன்று. மற்ற விளக்கங்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் சோதனை இதுவரை நடக்கவில்லை. கிளைகள் பிரிந்ததும், சுற்றியுள்ள காற்று மூலக்கூறும் ஒளித்துகளும் மோதிமோதி அந்தப் பிரிவை நிலையாக்கிவிடுகின்றன. ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்ப வழி கிடையாது, போகவும் வழி கிடையாது. 2020-இல் ‘அண்டார்டிகாவில் இணைப் பிரபஞ்சத்தை நாசா கண்டுபிடித்தது’ என்று பலரும் வீடியோ போட்டீர்கள். பலூனில் பறந்த அனிட்டா என்ற கருவியின் வானொலி ஏற்பிகள், பனிக்கடியிலிருந்து வந்தது போன்ற ஒன்றிரண்டு விளங்காத துடிப்புகளைப் பதிந்தன, அவ்வளவே. பனிக்குள் புதைந்த ஐஸ்கியூப் கருவியில் தேடியபோது அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இதன் மேல் கட்டியதுதான் ‘குவாண்டம் இறவாமை’. ஏதாவது ஒரு கிளையில் நீ பிழைத்திருப்பாய், இறந்த கிளையில் உணர நீ இல்லை, எனவே உன் பார்வையில் நீ சாவதே இல்லை என்கிற வாதம். மனதுக்குள் மட்டும் ஓட்டிப் பார்க்கிற சிந்தனைச் சோதனை இது. கேட்கும்போது ஓட்டை தெரியாது. ஓட்டைகளை நீங்கள் காட்ட வேண்டும்.

சாவு விளக்கு அணைவது போல ஒரு நொடியில் நடப்பதில்லை. நினைவு மங்கி, வலி கூடி, மூச்சுத் தளர்ந்து படிப்படியாக வருகிறது. இந்தச் சிந்தனைச் சோதனையைப் பரவலாக்கிய இயற்பியலாளர் மாக்ஸ் டெக்மார்க்கே அதனால் இது உண்மை வாழ்க்கைக்குப் பொருந்தாது என்று சொல்லியிருக்கிறார். இன்னொன்று, ரத்தக் கட்டியும் புற்றுநோயும் ஒரே ஒரு குவாண்டம் நாணயத்தைச் சுண்டி முடிவாவதில்லை. கட்டி உருவாகிவிட்ட பிறகு பக்கத்துக் கிளைகள் எல்லாவற்றிலும் அதே கட்டி இருக்கிறது. மூன்றாவது, கிளைகளுக்கு எடை, அதாவது வாய்ப்பின் அளவு, உண்டு. 105 வயதுக்கு மேல் ஆண்டுக்குப் பாதிப்பேர் இறக்கிறார்கள். அங்கிருந்து 150 வரை போகிற கிளையின் எடை, பாதியைப் பாதியால் 45 முறை பெருக்கினால் வருவது, 35 லட்சம் கோடியில் ஒரு பங்கு. சமன்பாட்டில் எந்த இடத்திலும், ‘உன் உணர்வு அந்தத் துளிக் கிளைக்குத் தாவும்’ என்று எழுதியில்லை. தாவுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அப்படியே ஒரு பிரதி அங்கே இருந்தாலும், பார்வை போய், காது கேளாமல், படுக்கையில், சாக மட்டும் முடியாமல் கிடக்கிற ஒருவர் அவர். மீதிக் கிளைகள் அனைத்திலும் வீட்டில் பந்தல் போட்டிருக்கும், அம்மா தரையில் விழுந்து அழுதுகொண்டிருப்பார்.

எவரெட் 1982-இல் 51 வயதில் மாரடைப்பில் இறந்தார். அவர் மகள் நெடுநாள் மனநோயோடு போராடி 1996-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இணை உலகில் அப்பாவைச் சேர வேண்டும் என்ற விருப்பம் அவர் விட்டுச்சென்ற குறிப்பில் இருந்தது. ஒரு கோட்பாடு அவரைக் கொன்றது என்று நாங்கள் சொல்லவில்லை. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் எப்போதும் இருப்பதில்லை. ஆனால் மனம் உடைந்து நிற்கிற ஒருவருக்கு ‘நீ செத்தாலும் சாகமாட்டாய், இறந்தவர்களை அங்கே பார்ப்பாய்’ என்ற வாக்கியம் எப்படிப் போய்ச் சேரும் என்பதை எண்ணிப் பாருங்கள். பரீட்சை முடிவு வருகிற மாதத்தில் இன்னும் ஆழமாக எண்ணிப் பாருங்கள்.

ஆகவே கைகூப்பிக் கேட்கிறோம். ‘நீங்கள் சாகவே மாட்டீர்கள்’ என்று பார்ப்பவரை நோக்கிச் சொல்லும் வரியை எடுத்துவிடுங்கள். அந்தச் சிந்தனைச் சோதனையை ஆயுதத்தோடு படம் போட்டு விளக்க வேண்டாம். நாணயத்தையும் வரைபடத்தையும் வைத்தே அதன் தர்க்கத்தையும் ஓட்டையையும் முழுதாகச் சொல்லிவிடலாம். ‘நீங்களே சோதித்துப் பார்க்கலாம்’ என்ற தொனி எந்த இடத்திலும் வரக்கூடாது. விவரக் குறிப்பின் முதல் வரியில், மடிக்கப்படாமல் தெரிகிற இடத்தில், மனநல உதவி எண்ணைப் போடுங்கள்: இந்தியாவில் 14416, இலங்கையில் 1926. இரண்டிலும் தமிழில் பேசலாம். அந்த வீடியோவுக்குக் கீழே வரும் கமெண்டுகளை முதல் இரண்டு நாளாவது யாராவது ஒருவர் உட்கார்ந்து படியுங்கள். ‘அப்போ என் அண்ணன் அங்கே உயிரோடு இருப்பானா?’ என்று ஒருவர் கேட்டிருந்தால் இதயக் குறி போட்டுவிட்டு நகர வேண்டாம், இரண்டு வரி பதில் எழுதுங்கள்.

ஏற்கெனவே போட்ட வீடியோக்களை நீக்கச் சொல்லவில்லை. தலைப்பையும் தம்ப்நெயிலையும் மாற்றுவது ஐந்து நிமிட வேலை. திருத்தத்தை எழுதி மேலே பின் செய்து வையுங்கள்: எந்த உயிரினம், எத்தனை, எவ்வளவு நாள், எது தோற்றது என்ற நான்கு விவரம் போதும். அடுத்த வீடியோவின் எழுத்துப் பிரதியைப் படமெடுக்கும் முன் எங்களுக்கு அனுப்பினால், கூலி எதுவும் வேண்டாம், இரண்டு நாளில் படித்துக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புகிறோம். இந்த மடலில் உள்ள எந்தக் கணக்கையும் எங்கள் பெயர் சொல்லாமலே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உயிரியலும் இயற்பியலும் கற்பித்துவரும் சிலர்